கன்டோன்மென்ட் சரித்திரம் – 11: தங்கவயல் என்னும் கம்பெனி ஊர்

1898ஆம் வருஷத்துப் பிளேக் நோய் பெங்களூர் கன்டோன்மென்ட்டின் நெருக்கமான வீதிகளைச் சூறையாடியதன் பின்னர், ஜனங்களைக் காற்றோட்டமுள்ள புதிய இடங்களுக்குப் பரப்பிக் குடியேற்ற வேண்டும் என்ற யோசனையிலிருந்து நமது பிரேசர் டவுன் பிறந்த விதத்தைச் சென்ற அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். இன்று புலிகேசி நகர் என்று பலகைகளில் எழுதப்பட்டிருந்தாலும், பேச்சில் இன்னும் பழைய பெயரையே சுமந்து நிற்கும் இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்தவர், மைசூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரெஸிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசர். அவருக்குச் சில வருஷங்கள் முன்பு அதே பதவியை வகித்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரைத் தாங்கி, இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் ராபர்ட்சன்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. கோலார் தங்கவயலின் கடைவீதி அது. இரு ரெஸிடென்ட்டுகளின் பெயரால் அமைந்த இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டாக ஓயாத போக்குவரத்து நடந்து வந்திருக்கிறது. சுரங்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்தியரும், தமிழ்க் கிறிஸ்தவரும், கணக்கப்பிள்ளைகளும், மேஸ்திரிகளும் பிரேசர் டவுனிலும் அதை அடுத்த காக்ஸ் டவுன், குக் டவுன் வீதிகளிலும் வந்து தங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே, கன்டோன்மென்ட்டின் கதையைச் சொல்லப் புகுந்த இத்தொடர், தன் எல்லையைச் சிறிது தாண்டித் தங்கவயலுக்குப் போய் வருவது அவசியமாகிறது.

போவதற்கு முன் ஒரு பேதத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிரேசர் டவுன் மனைகளாக வகுக்கப்பட்டு, ஜனங்களுக்குக் கைமாற்றப்பட்டு, அவரவர் வீட்டுக்கு அவரவர் பத்திரம் வைத்திருக்கும் ஊராக வளர்ந்தது. தங்கவயலிலோ, ராபர்ட்சன்பேட்டையையும் ஆண்டர்சன்பேட்டையையும் போன்ற ஓரத்துக் குடியிருப்புகளை நீக்கிவிட்டால், உரிகாம், சாம்பியன் ரீப், மாரிகுப்பம், நந்திதுர்க், பாலகாட், கோரமண்டல் என்று நீண்டு கிடந்த பிரதேசம் முழுவதும் கம்பெனியின் சொத்து. நிலம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, குழாயில் வரும் தண்ணீரும், கம்பியில் வரும் மின்சாரமும், நோய்க்குப் போகும் ஆஸ்பத்திரியும், வேலைக்கு அழைக்கும் சங்கும் கம்பெனியுடையவை. நான்கு தலைமுறைகள் ஓரிடத்தில் பிறந்து வாழ்ந்து மடிந்தும், அங்கே ஒரு சாண் நிலத்துக்கும் உரிமை கொண்டாட முடியாமல் நின்ற ஜனங்களின் கதை என்றே தங்கவயலின் சரித்திரத்தை நான் படிக்கிறேன்.

அந்த மண்ணில் பொன் இருப்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த விஷயமன்று. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் ராஜ்யத்தின் எல்லையை அளந்து குறிக்க அனுப்பப்பட்ட லெப்டினன்ட் ஜான் வாரன் என்பவர், 1802இல் இப்பகுதிக்கு வந்தபோது, இங்குள்ளவர்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காட்டுவோருக்கு வெகுமதி உண்டு என்று அறிவித்தார். உரிகாம் கிராமத்தார் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே கழுவி, பொன் துகள்களைக் காட்டினார்கள். பிறகு மாரிகுப்பத்துக்குப் போன வாரன், ஆழமான குழிகளில் பறையர் குலத்து ஆடவர் இறங்கிக் கல்லை வெட்டுவதையும், வெட்டிய கல் கூடைகளில் கைமாறிக் கைமாறி மேலே வருவதையும், பெண்கள் அதைப் பாறைமேல் இட்டு இடித்துத் தூளாக்கிக் கழுவுவதையும் கண்டு எழுதிவைத்தார். பின்னாளில் லண்டன் நகரத்துப் பங்குதாரர்களைச் செல்வந்தராக்கிய அந்தக் கைத்தொழிலை, எந்தக் கம்பெனியும் வருவதற்கு முன்பே, யாரும் கற்றுக் கொடுக்காமலே அறிந்திருந்தவர்கள் அவர்கள்தாம். தங்கவயலைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கதையின் தொடக்கமே அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

வாரனுடைய அறிக்கை அச்சாகி, ஏறக்குறைய எழுபது வருஷம் தூங்கியது. அதை எடுத்துப் படித்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான யுத்தத்தில் போர்வீரராகப் பணியாற்றி, ஓய்வு பெற்று, நமது கன்டோன்மென்ட்டில் வந்து குடியேறியவர். நியூசிலாந்திலே பொன் தோண்டும் வேட்கையைக் கண்ணால் கண்டவராதலால், கோலார் ஜில்லாவின் காட்டு மேடுகளைத் தாமே சுற்றிப் பார்த்துவிட்டு, 1873இல் மைசூர் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார். 1875இல் இருபது வருஷ காலத்துக்கு அனுமதி கிடைத்தது. உரிகாமில் குழி தோண்டத் தொடங்கிய அவருக்கு, அந்தக் காரியம் தனிமனிதனுடைய கைப்பணத்தால் முடிவதில்லை என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது. இரண்டு வருஷங்களுக்குள் தம் உரிமையை பெரஸ்போர்ட் என்ற ராணுவ அதிகாரிக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டு விலகினார். கப்பன் பூங்காவுக்கு அருகே லாவெல் ரோடு என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர் அவருடையதே. அந்த வீதியில் இன்று நடப்பவர்களில் எத்தனை பேர், அப்பெயருக்குப் பின்னால் தங்கவயல் இருப்பதை அறிவார்கள்!

1880ஆம் வருஷத்தை ஒட்டித் தென்னிந்தியாவில் பொன் இருக்கிறது என்ற செய்தி லண்டன் பங்குச் சந்தையில் ஒரு ஜுரத்தையே உண்டாக்கியது. வயநாட்டில் மட்டும் ஏராளமான கம்பெனிகள் தோன்றி, லட்சக்கணக்கில் பணத்தைக் காட்டில் கொட்டி, ஓரிரு வருஷங்களில் ஒன்றுமில்லாமல் மறைந்தன. கோலாரிலும் அதே கதிதான் நேரும்போல் இருந்தது. 1880இல் உருவான மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி தன் மூலதனத்தை ஏறக்குறைய முழுவதும் செலவழித்தும் பலன் காணவில்லை. கையிருப்பில் 13,000 பவுன் மிஞ்சியிருந்த நிலையில், அதைத் தமக்குள் பிரித்துக்கொண்டு கடையைக் கட்டிவிடலாம் என்று பங்குதாரர்கள் நினைத்தார்கள். நிர்வாகப் பொறுப்பை ஏற்றிருந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார், அந்தக் கடைசிப் பணத்தையும் மண்ணில் போடும்படி மன்றாடி இணங்கச் செய்தார்கள். அவர்கள் அனுப்பிய காப்டன் பிளம்மர் என்பவர், பழங்காலத்தார் தோண்டிவிட்டுப் போன குழிகளின் போக்கையே வழிகாட்டியாகக் கொண்டு கீழே இறங்கினார். சாம்பியன் லோடு என்று உலகப் பிரசித்தி பெற்ற பொற்பாறைப் படிவம் அங்கே அகப்பட்டது. வாரன் கண்ட அந்தப் பெயரற்ற மனிதர்களின் முன்னோர் போட்ட தடத்தைப் பின்பற்றித்தான் கம்பெனி பிழைத்தது.

அதன் பிறகு நடந்த அபிவிருத்தி அபாரமானது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்று கம்பெனிகள் பெயரளவில் பலவாக இருந்தாலும், அவற்றின் கடிவாளம் லண்டனிலிருந்த டெய்லர் குடும்பத்தார் கையிலேயே இருந்தது. எடுத்த பொன்னில் நூற்றுக்கு ஐந்து பங்கு மைசூர் அரசாங்கத்துக்கு ராயல்டியாகச் சேர்ந்தது. சமஸ்தானத்தின் வருமானத்தில் அது ஒரு முக்கியத் தூணாகிவிட்டது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை 1894இல் ரயில் பாதை போடப்பட்டது. பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய் வழியே சுரங்கப் பிரதேசத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1891இல் 7,085 ஆக இருந்த தங்கவயலின் ஜனத்தொகை, 1901இல் 38,204 ஆகப் பெருகியிருந்தது. பத்தே வருஷங்களில் ஐந்து மடங்கு!

மின்சாரத்தின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். காவிரி சிவசமுத்திரத்தில் இரு பிரிவாகப் பிரிந்து பாறைகளில் வீழும் வேகத்தைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்து, அதை 92 மைல் தூரம் கம்பி வழியே கொண்டுபோய்ச் சுரங்க இயந்திரங்களை ஓட்டலாம் என்ற திட்டத்தை, காப்டன் ஜோலி டி லாட்பினியர் என்ற எஞ்சினியர் வகுத்தார். பதினெட்டு வருஷம் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் அதைத் தம்முடைய சொந்தக் காரியம்போல் ஏற்று நடத்தினார். அக்காலத்தில் உலகத்தின் மிக நீண்ட மின் தடங்களுள் ஒன்றாக விளங்கிய அது 1902 ஜூன் 30ஆம் தேதி உயிர் பெற்றபோது, அதைக் காண சேஷாத்ரி ஐயர் இல்லை. முந்திய வருஷமே காலமாகிவிட்டார். பெங்களூர் நகரத்து வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905இல். தலைநகருக்கு மூன்று வருஷம் முன்பாகவே தங்கவயலுக்கு மின்சாரம் சென்றுவிட்டது என்ற செய்தியைப் பெருமையாகச் சொல்வார்கள். அது முதலில் எரிந்தது மனிதர்களுக்காக அன்று, இயந்திரங்களுக்காக என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அப்பெருமை நேர்மையானதாகும். சுரங்கத்து விசைக்குத் தேவைப்பட்டதாலேயே அது காவிரிக் கரையை விட்டுப் புறப்பட்டது. பங்களாக்களுக்கும் கிளப்புக்கும் ஒளி தந்தது அதன் உபபலன்.

அந்தப் பங்களாக்களைப் பார்த்துத்தான் ‘குட்டி இங்கிலாந்து’ என்று தங்கவயலை வர்ணித்தார்கள். பிரிட்டனின் கார்ன்வால் பிரதேசத்தில் தகரச் சுரங்கங்கள் நலிந்தபோது வேலையிழந்த தொழில் வல்லுநர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்தார்கள். ஓட்டுக் கூரை வேய்ந்த வீடுகள், ரோஜாச் செடிகள், கோல்ப் மைதானம், நடனக் கூடம், மாதா கோயில்கள் எல்லாம் அவர்களுக்காக எழுந்தன. அவர்களுக்கு அடுத்த படியில் ஆங்கிலோ-இந்தியர், காவலுக்குப் பஞ்சாபிகள், கணக்கு எழுதப் படித்த ஹிந்துக்கள், படியின் அடியில், எண்ணிக்கையில் எல்லோரையும் விட அதிகமாக, தமிழ்த் தொழிலாளிகள். மேற்பார்வையாளனுக்கு ஒரு தெரு, தொழிலாளிக்கு வேறொரு தெரு என்று நிறமும் குலமும் பார்த்து ஊரையே அடுக்கடுக்காகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள்.

அந்தத் தொழிலாளிகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குத் தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பார்த்தால் போதும். 1876இலிருந்து மூன்று வருஷங்கள் தென்னாட்டைச் சுட்டெரித்த அந்தப் பஞ்சம், வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களின் சேரிகளைக் காலி செய்துவிட்டது. கப்பலேறிய சிலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார்கள். கப்பலேறாதவர்களுக்கு மலைக்கு மேலே, மேஸ்திரியும் கண்ட்ராக்டரும் அழைத்த இடத்தில், தங்கவயல் இருந்தது. நிலமற்றவர்களாக, தெருவில் செருப்பணிந்து நடக்கவும் அனுமதியற்றவர்களாகக் கிராமங்களில் கிடந்த ஆதிதிராவிட ஜனங்களுக்கு, பூமிக்குக் கீழே ஆயிரம் அடி இறங்கும் வேலையின் பயங்கரத்தை விட, மாதம் முடிந்ததும் கையில் விழும் ரொக்கக் கூலியும், பண்ணையாரின் கண்ணில் படாத ஒரு வாழ்வும் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. குனிந்து கிடந்த ஒரு சமூகம் நிமிரத் தொடங்கிய இடங்களில் தங்கவயல் முதன்மையான ஒன்று என்பதை மறுக்க முடியாது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது.

விலை இருவகைப்பட்டது. ஒன்று உடம்பு. ‘லைன்’ என்று சொல்லப்பட்ட வரிசைகளில், மூங்கில் தட்டிகளால் அடைத்த ஒற்றை அறைக் குடிசைகளில் பல தலைமுறைகள் வாழ்ந்தன. சுரங்கமோ வருஷத்துக்கு வருஷம் ஆழ்ந்துகொண்டே போய், சாம்பியன் ரீப்பில் 3,200 மீட்டரைத் தொட்டு, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 பாகையைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதன் நிற்க முடியும். தோண்டிய வெற்றிடத்தின்மேல் மலைபோன்ற பாரம் அழுந்த, பாறை தானாகவே வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்று தொழிலாளர் சொன்ன அந்த வெடிப்பு கீழே நிகழும்போது மேலே வீட்டுச் சுவர்கள் அதிரும். அதிர்வை உணர்ந்த பெண்கள் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். எந்த ஷாப்ட், எந்த ஷிப்ட் என்று தெரியும்வரை அங்கேயே நிற்பார்கள். வெடியில் தப்பியவனைத் தூசு விடவில்லை. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் என்ற வியாதி இந்தியாவில் முதன்முதலாக மருத்துவ ஆராய்ச்சியின் மூலம் வெளியிடப்பட்டது 1947இல், கோலார் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்ததிலிருந்துதான். அதற்கு முந்திய அறுபது வருஷங்களில் அவ்வியாதியால் மாண்டவர்களுக்கெல்லாம் காசம் என்றும் இளைப்பு என்றும் பெயர் வைத்துப் புதைத்துவிட்டார்கள்.

மற்றொரு விலை மானம். 1897இல் மைசூர் அரசாங்கம் இயற்றிய சுரங்கச் சட்டம், கணக்கில் வராத பொன்னோ பொற்கல்லோ வைத்திருப்பவனைக் குற்றவாளியாகவே கருதும் அதிகாரத்தைத் தந்தது. தொழிலாளி ஒவ்வொருவனும் சந்தேகத்துக்குரியவன். கம்பெனியின் சொத்தைக் காப்பதற்கென்றே தனிப் போலீஸ் ஏற்பாடு வளர்ந்தது. அதன் எச்சமாக, இன்றைக்கும் தங்கவயல் தனக்கென்று ஒரு போலீஸ் சூப்பரிண்டென்டென்டைக் கொண்ட தனிப் போலீஸ் ஜில்லாவாகவே இருந்து வருகிறது. 1930இல் தொழிலாளர் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டபோது, திருடர்களைப் போல் எங்களிடம் ரேகை கேட்பதா என்று பல்லாயிரம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டமன்று அது. சட்டம் ஏற்றுக்கொண்ட தொழிற்சங்கம் ஒன்றுகூட இல்லாத காலத்தில், எழுத்தறியாத ஜனங்கள், விரல் நுனியில் பூசப்படும் மைக்காகப் பட்டினி கிடக்கத் துணிந்தார்கள். தென்னிந்தியத் தொழிலாளர் சரித்திரத்தில் இதற்கு இணையான சம்பவம் அதிகம் இல்லை என்று நான் கருதுகிறேன். 1940க்குப் பின்னர் சங்கங்கள் தோன்றின, கம்யூனிஸ்டுகளான கே.எஸ்.வாசன், வி.எம்.கோவிந்தன் போன்றோர் தலைமையில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1946இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பலியானார்கள். அவர்களுடைய நினைவு தினத்தில் செங்கொடி ஏற்றும் வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது.

இவ்வளவும் கம்பெனி செய்ததும், கம்பெனிக்கு எதிராகச் செய்யப்பட்டதும். கம்பெனியைக் கேளாமலே அந்த ஜனங்கள் கட்டிய மற்றோர் ஊர் உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் தங்கவயலின் சரித்திரத்தை முடிப்பது பெரிய பிழை.

1898இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகைக்குச் சென்னையை அடுத்து மிகுந்த ஆதரவு கிடைத்த இடம் தங்கவயல். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சங்கத்தின் கிளைகள் வேரூன்றின. பகலெல்லாம் பூமிக்குள் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூடிப் பௌத்த தர்மத்தையும், சாதி தோன்றிய வரலாற்றையும், பழந்தமிழ் இலக்கியத்தையும் விவாதித்தார்கள். எம்.ஒய்.முருகேசர், ஏ.பி.பெரியசாமிப் புலவர் போன்ற அறிஞர்கள் அச்சங்கத்துக்குத் தூணாக நின்றார்கள். 1914இல் பண்டிதர் காலமானபின் பத்திரிகை தடுமாறியது. சில காலம் நின்றே போயிற்று. 1926இல் ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அது மீண்டும் உயிர்த்தெழுந்தது எங்கே என்றால், தங்கவயலில்தான். சென்னை மாநகரம் காப்பாற்றத் தவறிய பத்திரிகையைச் சுரங்கத் தொழிலாளிகளின் சந்தா காப்பாற்றியது. அங்கே நிறுவப்பட்ட சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதருடைய நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. 1990க்குப் பிறகு தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அயோத்திதாசரைத் தேடிப் புறப்பட்டபோது அவருடைய எழுத்துக்கள் அகப்படும் நிலையில் இருந்ததற்கு, அந்த அச்சகமும், அந்தப் பிரதிகளைப் பெட்டியடியில் பேணி வைத்திருந்த லைன் வீட்டுக் குடும்பங்களும் காரணம். ஒரு சாண் நிலத்துக்குப் பத்திரம் இல்லாத ஜனங்கள், ஒரு சிந்தனையாளரின் வாழ்நாள் உழைப்பைத் தம் சொத்தாக எண்ணிக் காத்தார்கள். 1954இல் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தபோது, பௌத்தம் அங்கே அரை நூற்றாண்டுப் பழக்கமாகிவிட்டிருந்தது.

சுயமரியாதை இயக்கமும், பிறகு திராவிடக் கட்சிகளும் இந்த மண்ணில் வேர் பிடித்தன. 1956இல் மொழிவாரி மாகாணங்கள் பிரிந்தபோது, தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தங்கவயல் மைசூர் ராஜ்யத்திலேயே நின்றது. தமிழ்நாட்டுக் கட்சியான அ.தி.மு.க.வின் வேட்பாளரைக் கர்நாடகச் சட்டசபைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பிய தொகுதி அது.

அதே 1956ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. டெய்லர் கம்பெனி புறப்பட்டுப் போயிற்று; கார்ன்வால் குடும்பங்கள் கப்பலேறின. 1962இல் மத்திய அரசாங்கத்தின் கைக்கும், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற ஸ்தாபனத்தின் கைக்கும் சுரங்கம் மாறியது. எஜமானன் மாறினான், வீட்டின் சொந்தக்காரன் கம்பெனி என்ற நிலைமை மாறவில்லை. அதற்குள் எளிதில் எட்டும் நல்ல பாறையெல்லாம் தீர்ந்து, எஞ்சியது மிக ஆழத்தில் கிடந்தது. ஒரு டன் கல்லில் கிடைக்கும் பொன் குறைய, அதை மேலே கொண்டுவரும் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. இதோடு இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். தேசியமயமானபின் பல வருஷங்கள் சுரங்கத்துப் பொன்னை அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தின் விலைக்கே எடுத்துக்கொண்டது. உள்நாட்டுக் கடைவீதியின் விலையோ அதைவிட வெகு அதிகம். அந்த வித்தியாசம் கணக்குப் புத்தகத்தில் சுரங்கத்தின் நஷ்டமாக ஏறியது. தொழிலாளிக்கு வேலை செய்யத் தெரியவில்லை, சங்கங்கள் கெடுத்துவிட்டன என்று சுலபமாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலும், அச்சுரங்கத்தின் ஆழம் விஞ்ஞானத்துக்கு ஒரு பெரும் உபகாரம் செய்தது. மேலே இரண்டு கிலோமீட்டருக்கு அதிகமான பாறை கவிந்து மற்றக் கதிர்களையெல்லாம் தடுத்துவிடுமாதலால், எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடுவதற்குச் சாம்பியன் ரீப் ஏற்ற இடமாயிற்று. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்திய சோதனையில், வானவெளிக் கதிர்கள் வாயுமண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோவின் சுவடு 1965இல் பதிவாயிற்று. உலகத்திலேயே அதை முதன்முதலாகக் கண்டறிந்தவர்களுள் அவர்களும் அடங்குவர். விஞ்ஞானிகளை நாள்தோறும் கூண்டில் இறக்கி ஏற்றிய தொழிலாளர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு.

கடைசியில், நலிந்த தொழில்களைப் பரிசீலிக்கும் மத்திய வாரியம் சுரங்கத்தை மூடிவிடச் சொன்னது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சங்கு நின்றது. ஏறக்குறைய 120 வருஷங்களில் 800 டன் பொன்னைக் கொடுத்த சுரங்கம் அது. நீரிறைக்கும் யந்திரங்கள் நிறுத்தப்பட்டதும், கிலோமீட்டர் கணக்கில் நீண்ட சுரங்கப் பாதைகளில் தண்ணீர் ஏறிற்று. ஆஸ்பத்திரி மூடப்பட்டது, பங்களாக்கள் கதவும் ஜன்னலும் இழந்து நின்றன. அரைத்துப் பொன் பிரித்தபின் கொட்டப்பட்ட, சயனைடு கலந்த கழிவு மண் மட்டும் மூன்று கோடி டன்னுக்கு மேல் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. கோடைக் காற்றில் அந்த வெளுத்த தூசு பறந்து வீடுகளிலும் கிணறுகளிலும் படிகிறது. கம்பெனி எடுத்துக்கொண்டு போனது பொன்னை. விட்டுப் போனது இதை.

ஊர் அழிந்துவிட்டது என்று எழுதுவது வழக்கமாகியிருக்கிறது. சினிமாக்களும் இப்போது அப்படியே காட்டுகின்றன. அழிந்தது கம்பெனியின் ஊர். ஜனங்களின் ஊர் அழியவில்லை. லைன்களில் இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள், ஓட்டல் தொழிலாளிகளையும், எலக்ட்ரீஷியன்களையும், நர்ஸுகளையும், கட்டட வேலைக்காரர்களையும் நிறைத்துக்கொண்டு நமது கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்து சேர்கின்றன. இரவில் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகின்றன. பிரேசர் டவுனின் கடைகளும் மருத்துவமனைகளும் அவர்களுடைய உழைப்பை நாள்தோறும் பெறுகின்றன. ஆனால் அவர்கள் திரும்பிப் போய்ப் படுக்கும் வீட்டுக்கு, பலரிடம் இன்னும் பத்திரம் இல்லை. சுரங்கம் மூடி இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகியும், குடியிருக்கும் வீட்டை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் வேலை அரைகுறையாகவே நிற்கிறது. அந்த மண்ணில் மிச்சமிருக்கும் பொன்னை மீண்டும் எடுக்கலாமா, கழிவுக் குன்றுகளை ஏலம் விடலாமா என்று ஆலோசிக்கும் அதிகாரிகள், முதலில் இந்தக் கடனைத் தீர்க்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரேசர் டவுனிலும் சுற்றியுள்ள வீதிகளிலும் தங்கவயல் வம்சத்தார் அநேகர் இருக்கிறீர்கள். தாத்தாவின் கூலிச் சீட்டோ, சங்கத்து ரசீதோ, சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்ட பழைய புத்தகமோ, லைன் வீட்டு வாசலில் எடுத்த புகைப்படமோ உங்கள் வீட்டில் இருந்தால், அதைப் பழைய காகிதக்காரனிடம் போடாதீர்கள். கம்பெனியின் கடிதங்களும் கணக்குகளும் லண்டனிலும் பெங்களூரிலும் பத்திரமாக இருக்கின்றன. தொழிலாளியின் பக்கத்துச் சாசனங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. அவற்றைப் பிரதி எடுத்து இத்தொடரின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். எந்த லைன், எந்த ஷாப்ட், எந்த வருஷம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த அத்தியாயத்தில், கன்டோன்மென்ட்டின் தமிழ் அச்சகங்களைப் பற்றிப் பார்ப்போம்.